நடைக்கூடத்தில் நின்ற வெற்று உருளை: பயனர் அனுபவ வடிவமைப்பில் எதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்?

1984 கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக் நடந்தபோது வீரர்கள் கையில் செல்பேசி கிடையாது. மகன் நாளைக்குக் களத்தில் இறங்கப் போகிறான். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அவனிடம் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஆளைப் பிடிப்பதே பெரும்பாடு. பயிற்சி, போட்டி, சாப்பாடு என்று அவன் எங்கெங்கோ இருப்பான். அம்மா விழித்திருக்கும் நேரத்தில் அவன் தூங்கிக்கொண்டிருப்பான்.

இந்தச் சிக்கலுக்காக ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு குரல்செய்தி ஏற்பாட்டை உருவாக்கினார்கள். ஒலிம்பிக் செய்தி அமைப்பு என்று அதற்குப் பெயர். அம்மா தன் நாட்டு ஒலிம்பிக் கமிட்டியின் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைப்பார். அங்கே இருக்கும் ஊழியர் வீரரின் பெயரைக் கேட்டு, கண்டுபிடித்து, இணைப்புக் கொடுப்பார். அம்மா பேசிவிட்டுத் தொலைபேசியை வைத்தால் போதும். வீரர் தன் குடியிருப்பில் இருக்கும் கருவிக்குப் போய் நாட்டுக் குறியீடு, பெயர், கடவுச்சொல் மூன்றையும் விசையில் அழுத்தினால் அம்மாவின் குரல் கேட்கும். 12 மொழிகளில் அது இயங்கியது.

இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு இதைப் பயன்படுத்தப் போகிறவர்களில் கணிசமானோர் குரல்செய்தி என்ற ஒன்றையே கேள்விப்பட்டிராதவர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வருகிறார்கள். உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்க நேரமில்லை. இரண்டு வாரப் போட்டி முடிந்தால் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்த பதிப்பில் சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் வழியில்லை.

அந்தக் குழு நிரல் எழுதுவதில் தொடங்கவில்லை. ஒரு தாளில், நாடக வசனம் போல, கருவி என்ன சொல்லும், வீரர் எதை அழுத்துவார், கருவி அதற்கு என்ன பதில் தரும் என்று எழுதினார்கள். அதைப் பலரிடம் காட்டினார்கள். ‘இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை’ என்று யாராவது சொன்னால் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார்கள். வழக்கமாகக் கடைசியில் அவசரமாகத் தயாராகும் பயனர் கையேட்டையும் ஆரம்பத்திலேயே எழுதினார்கள். கையேட்டில் ஒரு பத்தியை எளிமையாக எழுத முடியவில்லையென்றால் கோளாறு எழுத்தில் இல்லை, அமைப்பில்தான் என்று அப்போதே தெரிந்துவிடும்.

பிறகு யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள தங்கள் ஆய்வு மையத்தின் நடைக்கூடத்தில், உள்ளே ஒன்றுமே இல்லாத ஓர் உருளையை நிறுத்திவைத்தார்கள். களத்தில் நிற்கப்போகும் கருவியின் வெற்றுக்கூடு. போகிறவர்கள், வருகிறவர்கள் நின்று பார்த்துக் கருத்துச் சொன்னார்கள். மின்சுற்று எதையும் பொருத்தாத நிலையில் கிடைத்த அந்தப் பேச்சுக்கள் வடிவமைப்பை மாற்றின.

அதோடு விடவில்லை. ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டு ஒரு சர்வதேசப் போட்டியில் கருவியை வைத்துப் பார்த்தார்கள். 50-க்கும் மேற்பட்ட குறைகள் வந்தன. சில நாட்டு வீரர்களால் அதைப் பயன்படுத்தவே முடியவில்லை. அச்சிட்ட வழிகாட்டுதல்களில் இன்னும் விவரம் வேண்டும் என்று அங்கேதான் கண்கூடாகத் தெரிந்தது. திருத்தினார்கள், திரும்பச் சோதித்தார்கள். கடைசியாகக் கணினி அறிவியல் மாணவர்களைக் கூப்பிட்டு, ‘முடிந்தால் இதை உடைத்துப் பாருங்கள்’ என்று ஒப்படைத்தார்கள். ஒலிம்பிக் நாட்களில் அந்த அமைப்பு 40,000 முறைக்கு மேல் பயன்பட்டது.

ஒரு கருவியையோ தளத்தையோ பயன்படுத்துகிறவர் தடுமாறாதபடி அமைக்கும் வேலைதான் பயனர் அனுபவ வடிவமைப்பு, சுருக்கமாக யுஎக்ஸ். அதைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் நான் இந்தக் கதையில்தான் தொடங்குகிறேன். யுஎக்ஸ் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தில் நடந்தது இது. ஆனால் இன்று நாம் செயல்முறை என்று எதைச் சொல்கிறோமோ அது முழுவதும் இதற்குள் இருக்கிறது. அதைவிட முக்கியம், இன்று பல இடங்களில் செயல்முறையின் பெயரால் நடப்பதில் எது விடுபட்டுப் போகிறது என்பதும் இதில் தெரிகிறது.

இந்தக் குழுவில் முக்கியமானவர் ஜான் கூல்ட். 1985-ல் அவரும் கிளேட்டன் லூயிஸும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று கோட்பாடுகளை முன்வைத்தார்கள். தொடக்கத்திலிருந்தே பயனரையும் அவர் செய்யும் வேலையையும் நேரில் அறிவது. உண்மையான பயனர் உண்மையான வேலையைச் செய்வதை அளந்து பார்ப்பது. பார்த்ததை வைத்துத் திருத்தி மறுபடி சோதிப்பது. ‘இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே’ என்ற பேச்சு வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் கணினி அமைப்புகளை உருவாக்கும் 447 பேரிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு புதிய அமைப்பை வடிவமைக்கும்போது நீங்கள் செய்யும் முக்கியமான படிகளை எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். மூன்று கோட்பாடுகளையும் எழுதியவர்கள் 16 சதவீதம் பேர்தான். ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஒன்றைக்கூட எழுதவில்லை. மிகக் குறைவானவர்கள் குறிப்பிட்டது மூன்றாவதை: திருத்தி மறுபடி சோதிப்பதை.

நாற்பது ஆண்டுகள் போய்விட்டன. இப்போது செயல்முறைப் படங்களுக்குக் குறைவில்லை. பிரிட்டனின் டிசைன் கவுன்சில் 2005-ல் பரப்பிய இரட்டை வைரம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூலின் ஐந்து படிகள் இருக்கின்றன. சர்வதேசத் தர நிறுவனமான ஐஎஸ்ஓ 1999-ல் 13407 என்ற எண்ணில் ஒரு தரநிலையை வெளியிட்டு, 2010-ல் அதை 9241-210 ஆக மாற்றி எழுதியது. பெயர்கள் வேறு, கட்டங்களின் எண்ணிக்கை வேறு. சாரம் ஒன்றுதான்: சூழலை அறி, தேவையை வரையறு, ஒரு தீர்வை உருவாக்கு, பயனரிடம் சோதி, தேவைப்பட்ட படிக்குத் திரும்பிப் போ.

அந்தக் கடைசி நான்கு சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்களில் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தில் முன்னோக்கிப் போகும் அம்புகள் தடிமனாக இருக்கின்றன. பின்னால் வரும் அம்பு மெலிசாக, விட்டுவிட்டு வரைந்த கோடாக இருக்கிறது. திட்ட அட்டவணையில் அந்தக் கோட்டுக்கு ஒருநாள்கூட ஒதுக்கியிருக்க மாட்டார்கள். பயனர் சோதனைக்கு ஒரு வாரம் போட்டிருப்பார்கள். சோதனை முடிந்த மறுநாளே வெளியீடு. அப்படியானால் சோதனையில் தெரியவரும் பிழையை என்ன செய்வதாக உத்தேசம்? அட்டவணையில் திரும்பி வருவதற்கு நாள் இல்லையென்றால் அதைச் சோதனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு சடங்கு.

இதன் விலை என்ன என்பதற்கு அமெரிக்காவின் ஹெல்த்கேர்.கவ் தளம் போதும். மருத்துவக் காப்பீடு வாங்குவதற்காக அரசு கட்டிய தளம், 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாளில் காப்பீட்டில் சேர முடிந்தவர்கள் 6 பேர். சர்வர்கள் தாங்கவில்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என்னென்ன காப்பீடுகள் இருக்கின்றன, விலை என்ன என்று பார்க்க வந்தவரையும் முதலில் கணக்குத் தொடங்கு என்று அந்தத் தளம் நிறுத்தியது. கடையில் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்க வந்தவரிடம் வாசலிலேயே அடையாள அட்டை கேட்பது போன்றது அது. கூட்டம் முழுக்க அந்த ஒரே வாசலில் குவிந்தது. முழு அமைப்பையும் தொடக்கம் முதல் முடிவுவரை ஒருசேரச் சோதித்தது திறப்புக்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் என்று ஒப்பந்த நிறுவனங்கள் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார்கள். இரண்டு வாரத்தில் பிழையைக் கண்டுபிடிக்கலாம். திரும்பிப் போக முடியாது.

பின்னால் வரும் அம்பை ஒரு நிறுவனத்தின் விதியாகவே ஆக்க முடியுமா? அதற்கு நான் அறிந்த சிறந்த முயற்சி பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைக் குழு. 2011-ல் தொடங்கி, 2012 அக்டோபரில் கவ்.யுகே தளத்தை வெளியிட்டு, அதுவரை இருந்த டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற இரண்டு பெரிய தளங்களை ஓய்வுக்கு அனுப்பிய குழு. 2014-ல் அவர்கள் சேவைத் தரநிலை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதலில் 26 விதிகள், இப்போது 14.

எந்த அரசுத் துறை புதிய இணையச் சேவை தொடங்கினாலும் நான்கு கட்டங்களைக் கடக்க வேண்டும்: கண்டறிதல், ஆல்ஃபா, பீட்டா, நேரடி இயக்கம். கண்டறிதல் என்பது பொதுவாக 4 முதல் 8 வாரம். அந்த வாரங்களில் எதையும் கட்டக்கூடாது. மக்கள் இந்த வேலையை இப்போது எப்படிச் செய்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள், இதைச் செய்யத்தான் வேண்டுமா என்று பார்ப்பது மட்டுமே. சேவையே தேவையில்லை என்று முடிவெடுத்து அங்கேயே நிறுத்தினால் அதுவும் வெற்றிதான். ஆல்ஃபாவில் எது தவறாகப் போனால் எல்லாம் கவிழுமோ அதை முதலில் மாதிரி செய்து பார்ப்பார்கள். அந்த நிரலைத் தூக்கிப்போடத் தயாராக இருக்க வேண்டும். பீட்டாவில்தான் உண்மையான கட்டுமானம். ஒவ்வொரு கட்டத்திலும் பயனர்களோடு சோதனை தொடர வேண்டும்.

இதில் நான் மிகவும் மதிப்பது கட்டங்களின் பெயர்களை அல்ல. அவற்றுக்கு நடுவே இருக்கும் மதிப்பீட்டை. வேறு அணியைச் சேர்ந்தவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள்: யாரோடு சோதித்தீர்கள்? என்ன பார்த்தீர்கள்? பார்த்ததனால் எதை மாற்றினீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போவது கடினம். முன்பு இருந்த விதிகளில் இன்னொன்றும் உண்டு. துறைக்குப் பொறுப்பான அமைச்சர் அந்தச் சேவையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தானே பயன்படுத்திப் பார்க்க வேண்டும். அமைச்சர் முன்னால் படிவம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயம் எத்தனை குறைகளை முன்கூட்டியே சரிசெய்ய வைத்திருக்கும் என்பதை அரசு அலுவலகம் தெரிந்த எவரும் ஊகிக்கலாம்.

திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் இன்னொரு பலன் நினைவு. பிறந்த தேதியைக் கேட்பது போல எளிமையான வேலை ஒன்றுமில்லை என்று தோன்றும். நாட்காட்டியைத் திறந்து காட்டலாம். ஆனால் அறுபது வயதுக்காரர் 700 மாதங்களுக்கு மேல் பின்னால் புரட்ட வேண்டும். கீழ்விரியும் பட்டியலில் ஆண்டைத் தேடுவது நடுங்கும் கைக்குக் கடினம். பல சேவைகளில் சோதித்தபின் பிரிட்டன் குழு வந்துசேர்ந்த இடம்: நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சாதாரணப் பெட்டிகள், பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பெட்டியில் எழுதி முடித்ததும் தானாக அடுத்த பெட்டிக்குத் தாவாதே என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். உதவியாக இருக்கும் என்று டெவலப்பர் சேர்க்கும் அந்தத் தாவல், திரையைப் பார்க்காமல் விசைப்பலகையைப் பார்த்துத் தட்டுகிறவரைக் குழப்பிவிடும். 2018-ல் இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் தொகுத்து வடிவமைப்பு அமைப்பு என்று வெளியிட்டார்கள். ஒரு துறை பட்ட பாடு அடுத்த துறைக்குப் பாடமாகிறது. ஒரே குழியில் பத்துப் பேர் தனித்தனியாக விழ வேண்டியதில்லை.

அதே தொகுப்பில் பெயர் கேட்பது பற்றிய பக்கத்தைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. பெயரைப் பிரித்துக் கேட்க வலுவான காரணம் இல்லாவிட்டால் ஒரே பெட்டியில் முழுப் பெயரைக் கேளுங்கள் என்கிறது அது. தமிழர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். குடும்பப் பெயர் கட்டாயம் என்று சிவப்பு எழுத்தில் நிற்கும் படிவத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, பிறகு விமானச் சீட்டிலும் வங்கிக் கணக்கிலும் அப்பா பெயரால் அழைக்கப்படுகிறோம். ஒருவர் இனிஷியலை விரிக்கிறார், ஒருவர் தன் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார், இன்னொருவர் புள்ளி வைக்கிறார். கடவுச்சீட்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர் என்று அலைகிறவர்கள் நம் வீட்டிலேயே இருப்பார்கள். அந்தப் படிவத்தை வரைந்தவருக்கு நம்மேல் வெறுப்பு எதுவும் இல்லை. தன் பெயரைப் போலவே எல்லார் பெயரும் இருக்கும் என்று நினைத்திருப்பார், அவ்வளவுதான். இனிஷியல் போட்டுப் பழகிய ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் படிவத்தை நிரப்பச் சொல்லியிருந்தால் முதல் நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

எத்தனை பேரைச் சோதிக்க வேண்டும் என்பது எப்போதும் வரும் கேள்வி. ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-ல் பல சோதனைகளின் தரவை வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொண்டுவருகிறார். ஐந்து பேரில் ஏறத்தாழ 85 சதவீதம் வந்துவிடும். ஐந்து பேர் போதும் என்ற வாசகம் இதிலிருந்து பிறந்து ஊரெல்லாம் பரவியது. 2001-ல் ஜேரட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் பெரிய வணிகத் தளங்களைச் சோதித்தபோது ஐந்து பேரிடம் கிடைத்தது 35 சதவீதம்தான். எது சரி? இரண்டும் அந்தந்த இடத்தில் சரி. சின்னப் படிவத்தையும் ஆயிரம் பொருள் விற்கும் கடையையும் ஒரே எண்ணால் அளக்க முடியாது. நீல்சனே சொன்ன ஒன்றைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: பதினைந்து பேர் கிடைத்தால் ஒரே தடவையில் பதினைந்து பேரையும் சோதிக்காதே, ஐந்து ஐந்தாக மூன்று சுற்று வை, நடுவில் திருத்து. அந்த ஐந்தின் பொருள் சிக்கனம் அல்ல. திரும்பி வருவதற்கு மிச்சம் வைப்பது.

சுற்றுகளை ஒப்பிட முடிய வேண்டுமென்றால் சோதனையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆய்வகத்தில் உப்பைச் சோதிக்கும் மாணவர் ஒவ்வொரு முறையும் அதே படிகளைப் பின்பற்றுவதைப் போல. அதே வேலை, அதே வார்த்தைகளில் சொன்ன அறிமுகம், அதே அளவுகோல். ‘இந்த ஆப் பிடித்திருக்கிறதா?’ என்று கேட்டால் நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் மனம் நோகுமே என்று நினைப்பார்கள். ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். அவர் திணறும்போது உதவக் கை துடிக்கும். இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ள மிகக் கடினமானது அந்த நேரத்தில் சும்மா இருப்பதுதான்.

அண்மையில் மருந்து வாங்கும் ஆப் ஒன்றுக்கு நாங்கள் வைத்த முதல் சுற்று இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஐந்து பேர், எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ‘போன மாதம் வாங்கிய ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறுபடியும் வரவழையுங்கள்’ என்பதுதான் வேலை. ஓடிபி வந்ததும் ஓர் அம்மா குறுஞ்செய்தியைத் திறந்து பார்த்தார், எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு திரும்பினார். ஆப் முதல் திரைக்குப் போயிருந்தது, எழுதியதெல்லாம் காலி. ‘நான்தான் ஏதோ தப்பா அழுத்திட்டேன் போலருக்கு தம்பி’ என்றார். அவர் எதையும் தப்பாக அழுத்தவில்லை. ஐந்து பேருக்கும் அதே இடத்தில் அதே கதி. எங்கள் குழுவில் எல்லாருடைய போனும் ஓடிபியைத் தானாக நிரப்பிக்கொள்ளும் என்பதால் மாதக்கணக்கில் நாங்கள் யாரும் அந்தத் திரையைப் பார்த்ததே இல்லை.

திருத்த நான்கு நாள் ஆனது. அட்டவணையில் அதற்கு இடம் வைத்திருந்தோம், அதனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. இரண்டாவது சுற்றில் வேறு ஐந்து பேர், அதே வேலை, அதே வார்த்தைகள். ஓடிபியில் ஒருவரும் மாட்டவில்லை. இந்த முறை நான்கு பேர் மாத்திரையின் படத்தில் நின்றுவிட்டார்கள். கடையில் மாத்திரை அட்டையின் நிறத்தைப் பார்த்து வாங்கிப் பழகியவர்கள். நாங்கள் பெட்டியின் படத்தைப் போட்டிருந்தோம். ‘இது என் மாத்திரை இல்லியே’ என்று ஒரு பெரியவர் போனைத் திருப்பி என்னிடம் காட்டினார். முதல் சுற்றில் யாரும் அந்தத் திரைவரை வந்துசேரவே இல்லை என்பதால் இது எங்களுக்குத் தெரிய வாய்ப்பே இருக்கவில்லை.

இப்போது அட்டையின் படங்களை எடுத்துக்கொண்டிருக்கிறோம். மூன்றாவது சுற்று அடுத்த வியாழக்கிழமை.